கடல், மலை, பிறகு ஒரு பெயர்

"முதல்ல கடல். அப்புறம் மலை. வெசாக் அன்னைக்குக் கோயில். அம்மாவுக்கு ஷூ வாங்கணும்."

2002 ஆகஸ்ட் 18, ஞாயிறு என்று தேதி போட்டு, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் என் அக்கா மகன் எழுதி, பெங்களூர் ஈஜிபுரா வீட்டு ஃபிரிட்ஜின் மேல் ஒட்டி வைத்த குறிப்பு இது. அம்மாவை இலங்கைக்கு அழைத்துப் போக அவன் போட்ட திட்டம் முழுவதும் இந்த நாலு வரிதான். எதை எழுதினாலும் தேதி போடும் பழக்கம் என்னைப் பார்த்து அவனுக்கு வந்தது. அந்த அக்டோபரில் ஓசூரிலிருந்து திரும்பும்போது அத்திபெலேக்கு இந்தப் பக்கம் ஒரு லாரி அவன் பைக்கை இடித்தது. அவனுக்கு இருபத்தொன்பது வயது. அக்காவுக்கு ஒரே பிள்ளை.

அடுத்த ஆண்டு மே மாதம், புத்தர் பிறந்த வெசாக் பௌர்ணமியை ஒட்டி, நான் வரலாறு சொல்லிக் கொடுக்கும் பள்ளியின் விடுமுறையில், அந்தக் குறிப்பின்படியே நானும் அக்காவும் போய் வந்தோம். அவன் பெயரை இந்தக் கட்டுரையில் நான் எழுதவில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பௌத்தம். தாத்தா கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தபோது பஞ்சசீலம் ஏற்றவர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பௌர்ணமிக்குப் பௌர்ணமி பாலி என்று வளர்ந்தவர்கள் நாங்கள். நீலசந்திராவில் தகரக் கூரை போட்ட எங்கள் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் இறந்தால், அடுத்த பௌர்ணமி அன்று பிக்கு அவருடைய பெயரைச் சபை நடுவே உரக்கச் சொல்லி, இந்தப் புண்ணியம் அவரைச் சேரட்டும் என்பார். எல்லோரும் மூன்று முறை 'சாது' சொல்வோம். பெயர் ஒரு தடவைதான் சொல்லப்படும். இரண்டாம் முறை சொன்னால், கிளம்பிப் போனவரைப் பாதி வழியில் கூப்பிட்டு நிறுத்துவது போல ஆகிவிடும் என்று நம்புகிறோம்.

அக்கா மகனுக்கு அந்த ஒரு தடவையும் தப்பாகப் போயிற்று.

அவனுக்கு அவன் அப்பா 1973இல் வைத்தது நல்ல பெயர். ஒளி தருபவன் என்று பொருள். அதே பெயர் கொண்ட இன்னொருவர் பின்னாளில் இலங்கையின் வடக்கில் படை நடத்துவார் என்று அப்போது யாருக்குத் தெரியும்? 1991 மே மாதத்துக் குண்டுவெடிப்புக்குப் பிறகு பெங்களூரில் தமிழ்ப் பையன்கள் குடியிருந்த தெருக்களில் எல்லாம் விசாரணை நடந்தது. இவனையும் கூப்பிட்டு ஒரு பகல் முழுக்க பெஞ்சில் உட்கார வைத்து அனுப்பினார்கள். யாரும் அடிக்கவில்லை. பெயரை மட்டும் வருகிறவர் போகிறவர் எல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிச் சிரித்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் காவிரிக் கலவரம். அத்தோடு அவன் அப்பா, "இனிமே வெளியில நீ பிரகாஷ்" என்று சொல்லிவிட்டார். கல்லூரியில் பிரகாஷ். ஓசூர் ரோட்டுக் கம்பெனியில் பிரகாஷ். அவன் இறந்தபோது கம்பெனி நண்பர்கள் அச்சடித்து வந்த அட்டையிலும் பிரகாஷ். மன்றத்துக்கு வந்த இளம் பிக்கு அந்த அட்டையைப் பார்த்துத்தான் படித்தார். அக்கா எழுந்து, "அது இல்ல, அவன் பேரு அது இல்ல" என்றாள். அதற்குள் 'சாது' சொல்லி முடித்துவிட்டார்கள்.

"நம்ம மன்றத்துலதான ரெண்டாந்தடவை கூடாது? அவன் போலாம்னு சொன்ன ஊர்ல, புத்தர் ஊர்ல, அவன் பேரைச் சொல்லி ஒரு தடவை கூப்டட்டும். அங்க யாருக்குப் பயப்படணும்?" என்றாள் அக்கா.

இலங்கையைப் பற்றி அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கிறவன் நான். அங்கே அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அக்காவின் முகத்தைப் பார்த்துக் கொண்டு அதைச் சொல்லத் தெரியவில்லை. சண்டை நிறுத்தம் வந்து ஓர் ஆண்டு ஆகிவிட்டது, நிலைமை மாறியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக் கொண்டேன்.

*

மே 11, ஞாயிறு. விமான நிலையத்தில் எங்களுக்காகக் காத்திருந்த வேன் ஓட்டுநர் பெயர் சிவலிங்கம். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த தமிழர், முப்பத்தைந்து வயதிருக்கும். வேனின் முன்கண்ணாடியில் பௌத்தக் கொடி ஒட்டியிருந்தது. பிள்ளையார் டாஷ்போர்டு பெட்டிக்குள் இருந்தார். அதைத் திறந்து கும்பிட்டு, மூடிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

தெற்கே போகும் கடற்கரைச் சாலையில் சோதனைச் சாவடி வருவதற்கு முன்பு வேகத்தைக் குறைத்து, கண்ணாடியில் அக்காவைப் பார்த்தார்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. அந்தப் பொட்டை இப்போதைக்குத் தொடச்சுட்டீங்கன்னா நல்லதுங்க. இங்க நம்ம பொம்பளைங்க அப்பிடித்தான் செய்வாங்க."

எங்கள் வழக்கத்தில் கணவன் இறந்தாலும் பொட்டை எடுப்பதில்லை. அத்தான் போய் ஏழு வருடம் ஆகிறது.

"புருஷன் செத்தப்பவே எடுக்கல. உங்க ஊரு போலீஸுக்காக எடுக்கணுமா? நீ சும்மா ஓட்டுப்பா" என்றாள் அக்கா.

சிப்பாய் எங்கள் பாஸ்போர்ட்டைப் புரட்டி, "பேங்களூர்? கம்ப்யூட்டர்!" என்று சிரித்து வழி விட்டான். மீசை முளைத்தும் முளைக்காத முகம். இரண்டு கிலோமீட்டர் போன பிறகுதான் சிவலிங்கம் மூச்சு விட்டார்.

*

மே 12, திங்கள். குறிப்பின் முதல் வரி, கடல்.

மே மாதத்தில் அந்தத் தெற்குக் கரைக்கு யாரும் வருவதில்லையாம். ஹோட்டலில் எங்களைத் தவிர ஒரு ஜெர்மானியத் தம்பதி மட்டும் இருந்தார்கள். அவர்களும் ஜன்னலோரம் உட்கார்ந்து மழையையே பார்த்துக் கொண்டிருந்தார்கள். கரை நெடுகச் சிவப்புக் கொடி. சேறு கலந்த பழுப்பு நிற அலைகள் மணலைக் கரைத்துக் கரைத்து இழுத்தன. விளம்பரப் படத்தில் இருந்த நீலம் எங்குமே இல்லை. இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று தோன்றியது. ஆனால் எதைப் பார்த்தாலும் அந்த நாட்களில் எனக்கு அப்படித்தான் தோன்றியது.

காலையில் இடியாப்பமும் தேங்காய்ச் சம்பலும் கொடுத்தார்கள். காரம் உச்சந்தலைக்கு ஏறியது. அக்கா சப்புக் கொட்டிக் கொண்டு சாப்பிட்டாள். "நம்ம ஊர் ஓட்டல்ல இட்லிக்கு வெல்லம் போட்ட சாம்பார் ஊத்துறாங்களே, அவங்க இங்க வந்து சொல்ப கத்துக்கலாம்" என்றாள். ஏழு மாதத்துக்குப் பிறகு அவள் சாப்பாட்டைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. அடுத்த வாயை எடுக்கும்போது கை நின்றது. அவனுக்கு அந்த இனிப்புச் சாம்பார்தான் பிடிக்கும்.

மழை விட்ட நேரத்தில் கரைக்குப் போனோம். அக்கா புடவைக்குக் கீழே சிவாஜிநகரில் வாங்கிய கேன்வாஸ் ஷூவைப் போட்டுக் கொண்டாள்.

"மணல்ல ஷூ எதுக்குக்கா?"

"அவன் சொன்னது ஷூ. எங்க போடணும்னு சொல்லல."

உட்கார்ந்து வெகுநேரம் கடலைப் பார்த்தாள். பிறகு, "பெங்களூர் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். வடக்கே தென்னந்தோப்பைக் காட்டினேன். கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து கொண்டாள். போட்டோ எடுக்கட்டுமா என்று கேட்டேன். "யாருக்குக் காட்ட?" என்றாள்.

*

மே 13, செவ்வாய். மலைக்குப் போகும் வழியில், ஏற்றம் தொடங்கும் இடத்தில் வேனின் ஃபேன் பெல்ட் அறுந்தது. சிவலிங்கம் பஸ் ஏறிப் போய் வேறு பெல்ட் வாங்கி வரும்வரை சாலையோரத் தேநீர்க் கடையில் கிடந்தோம். மீன் அடைத்த பன், சீனியைத் தனியாக உள்ளங்கையில் கொடுக்கும் தேநீர். பெங்களூரில் பாதி டீ கேட்டால் அளவைக் குறைப்பார்கள். இங்கே சீனியை நக்கிக் கொண்டு டீயைக் குடிக்கச் சொல்கிறார்கள்.

திரும்பி வந்த சிவலிங்கம் கையைத் துடைத்துக் கொண்டு பேச்சுக் கொடுத்தார்.

"வெசாக்குக்கு வந்தோம்னு சொல்றீங்க. தமிழ் ஆளுங்க, புத்த சமயம். நெசமாவா சார்? இங்க சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான். தமிழன்னா கோயில், இல்லாட்டி சர்ச்சுன்னு எழுதி வச்சிருக்காங்க."

"எங்க தாத்தா காலத்துலருந்து" என்றேன்.

"அதைச் சொல்லிப் பாருங்க. போன வருசம் மதம் மாறுனீங்களான்னுதான் கேப்பாங்க."

அக்கா தான் வந்த காரியத்தைச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக் கொண்டிருந்தார். "செய்யலாங்கம்மா. ரத்தினபுரிக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஒரு பன்சலை இருக்கு. பெரிய ஆமதுரு நல்ல மனுசன். பையன் பேரு என்னங்க?"

பன்சலை என்றால் விகாரை. ஆமதுரு என்றால் பிக்கு. அக்கா பெயரைச் சொன்னாள்.

சிவலிங்கம் முதலில் கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சாலையை. பிறகுதான் எங்களை.

"அம்மா, அதை இங்க சத்தமாச் சொல்லாதீங்க."

"பெங்களூர்லயும் இதையேதான் சொன்னாங்க."

"வீட்டுல செல்லமா வேற ஒண்ணு கூப்புடுவீங்கள்ல? அதைச் சொல்லிக்குவோம். எனக்கே பாருங்க, கொழும்புல சிரிபால, காலியில சிவா, ஹட்டன் தாண்டினாத்தான் சிவலிங்கம். யாருக்கு என்னா நட்டம்?"

"நீ உயிரோட இருக்க. நாளைக்கு எந்தப் பேரை வேணும்னாலும் மாத்திக்குவ. அவனுக்கு இனிமே இருக்கறது அது ஒண்ணுதாம்பா."

வண்டி மலை ஏறியபோது அவர் டேப்பில் ஓடிய பாட்டை நிறுத்திவிட்டார்.

*

மே 14, புதன். மலை உச்சிச் சமவெளியில் உள்ள தேசியப் பூங்கா. காட்டுப் பாதையில் நடந்து போனால் ஓரிடத்தில் தரை திடீரென்று முடிந்து, பெரும் பள்ளம். அதற்கு 'உலக முடிவு' என்றே பெயர். வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்து தெற்குக் கடல் தெரியும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கடலும் மலையும் ஒரே பார்வையில். அக்கா மகன் இந்த இடத்தைப் பற்றி என்னிடம் பலமுறை பேசியிருக்கிறான்.

நுழைவாயிலில் காவலர் எங்கள் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து, பாலிதீன் உறையை எடுத்துக் கொண்டு, ரொட்டியைக் கையில் கொடுத்தார். "நம்ம லால்பாக்ல இதுமாரி ஒருத்தன் நின்னா எவ்ளோ நல்லா இருக்கும்" என்றாள் அக்கா. வழியில் நனைந்த மான் ஒன்று எங்களைப் பார்த்துவிட்டு, ஆர்வமில்லாமல் மேயத் தொடங்கியது. அக்காவின் ஷூ அளவில் சற்றுப் பெரியது. ஒவ்வொரு அடிக்கும் சேறு உள்ளே போய் வந்தது. அறுபது வயதில் அவள் ஓரிடத்திலும் உட்காரவில்லை.

உலக முடிவுக்குப் போனபோது அங்கே ஒன்றுமே இல்லை. வேலிக்கு அப்பால் வெள்ளை. மேலே, கீழே, எதிரே, எல்லாம் வெள்ளை. மேகம் எங்கள் முகத்திலேயே மோதி நனைத்தது. கொழும்பிலிருந்து வந்த ஒரு சிங்களக் குடும்பம் பக்கத்தில் நின்றிருந்தது. அவர்களுடைய பிள்ளைகள் கையைக் குவித்துத் தங்கள் பெயர்களை அந்த வெள்ளைக்குள் கத்தினார்கள். சற்றுப் பொறுத்து, எங்கிருந்தோ பெயர்கள் திரும்பி வந்தன. பிள்ளைகள் குதித்தார்கள். அவர்களுடைய அப்பா அக்காவைப் பார்த்து, நீங்களும் கத்துங்கள் என்று சைகை செய்தார்.

அக்கா வேலியைப் பிடித்தாள். மூச்சை இழுத்தாள். வாயைத் திறந்தாள். பிறகு மூடிக் கொண்டாள்.

திரும்பி நடக்கும்போது, "மேகத்துக்கு முன்னாடி சொல்றதுக்கா வந்தேன்? மனுசங்க முன்னாடி சொல்லணும்" என்றாள்.

*

மே 15, வியாழன். வெசாக்.

மலையிலிருந்து இறங்கும் வழியெங்கும் மழை. வீட்டு வாசல்களில் காகிதமும் மூங்கிலும் கொண்டு கட்டிய வெசாக் விளக்குக் கூடுகள் நனைந்து சாயம் ஒழுகித் தொங்கின. சிலர் அவற்றின் மேல் குடை கட்டியிருந்தார்கள்.

ஒரு வளைவில் பத்துப் பதினைந்து இளைஞர்கள் சாலையை மறித்துக் கொண்டு நின்றார்கள். கையில் கம்பில் கட்டிய கொடிகள். எங்கள் வேனைப் பார்த்ததும் கூச்சலிட்டு ஓடி வந்தார்கள். ஒருவன் பானெட்டைத் தட்டினான். இன்னொருவன் என் பக்கத்துக் கதவின் பிடியைப் பிடித்தான்.

1991 டிசம்பரில், மைசூர் ரோட்டில், அக்காவும் அத்தானும் வந்த பஸ்ஸை இப்படித்தான் நிறுத்தினார்கள். ஒவ்வொருவராகப் பேசச் சொன்னார்கள். அக்காவின் கன்னடம் அன்று அவர்கள் இருவரையும் காப்பாற்றியது.

"மாத்தாட்பேடா" என்று என் கையை அழுத்தினாள் அக்கா. பேசாதே என்பதைக்கூடக் கன்னடத்தில்தான் சொன்னாள். கதவு திறந்தது. ஈரத் தலையோடு ஒரு பையன் உள்ளே எட்டிப் பார்த்தான். அக்கா இரண்டு கையையும் கூப்பினாள்.

"நாவு கன்னடதவரு சுவாமி! நாவு கன்னடதவரு!"

நாங்கள் கன்னடக்காரர்கள். இலங்கையில், ஒரு மலைச் சாலையில், கன்னடம் என்று ஒன்று இருப்பதே தெரியாத ஒரு பையனிடம் என் அக்கா கெஞ்சினாள்.

பையன் விழித்தான். சிவலிங்கம் பதறிக் கொண்டு திரும்பினார். "அம்மா, அம்மா, ஒண்ணும் இல்லீங்க! தன்சல்! தானம் குடுக்குறாங்க! வெசாக்குக்கு வர்ற போற வண்டியெல்லாம் மறிச்சுச் சாப்பாடு குடுப்பாங்க!"

கொட்டகைக்குள் பெரிய அண்டாக்களில் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு, தேங்காய், மிளகாய்ச் சம்பல், கொத்தமல்லித் தண்ணீர். அக்காவைக் கைத்தாங்கலாக இறக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கெஞ்சியதைப் பார்த்த அந்தப் பையனே தட்டைக் கொண்டு வந்தான். அவள் என்ன சொன்னாள் என்று சிவலிங்கத்திடம் கேட்டான். "பசிக்குதுன்னு சொன்னாங்கன்னு சொல்லிட்டேன்" என்றார் சிவலிங்கம். பையன் இன்னும் இரண்டு துண்டு கிழங்கு வைத்தான்.

அக்கா தின்றாள். கண்ணிலிருந்து நீர் வழிந்து கொண்டிருந்தது. "காரம்" என்றாள் யாரும் கேட்காமலே.

*

விகாரை ஒரு குன்றின் சரிவில் இருந்தது. கீழே ஆறு கலங்கி ஓடியது. ஊரின் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. அந்தப் பிக்கு இன்னும் அங்கே இருந்தால் அவருக்குத் தொல்லையாகக் கூடாது.

மண்டபம் நிறைய வெள்ளை உடுத்தியவர்கள். பெரிய பிக்குவுக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியின் ஒரு காலை நூலால் கட்டியிருந்தார். நாங்கள் விழுந்து வணங்கி, தமிழ் உச்சரிப்பில் திரிசரணம் சொன்னோம். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிவலிங்கம் முன்கூட்டியே சொன்னபடி, பிக்கு முதலில் கேட்டது: "எப்போது மாறினீர்கள்?"

அக்காவுக்குப் பக்கத்தில் அவள் வயதே இருக்கும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அக்கா முப்பது ஆண்டு கார்மெண்ட்ஸில் தைத்தவள். யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் கை அவர்களுடைய துணியின் ஓரத்துக்குப் போகும். அந்தப் பெண்ணின் வெள்ளைச் சட்டையின் தையலைத் தொட்டுப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று தலையை ஆட்டினாள். அந்தப் பெண் தன்னையே சுட்டிக் காட்டி, மெஷின் மிதிப்பது போல் காலை ஆட்டினாள். அக்காவும் காலை ஆட்டினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் தன் மல்லிகைப் பூத்தட்டில் பாதியை அக்காவுக்குக் கொடுத்தாள்.

பிரித் என்னும் பாலிச் சூத்திரங்களை ஓதி முடித்ததும் பெயர் சொல்லும் நேரம் வந்தது. இறந்தவர்களின் பெயரை ஒவ்வொரு குடும்பமும் சொல்ல, பிக்கு அதை வாங்கித் திரும்பச் சொன்னார். சபை 'சாது' என்றது. எங்கள் மன்றத்து வழக்கம் போலவே இருந்தது. எனக்குக்கூட ஒரு கணம் நம்பிக்கை வந்தது. பக்கத்துப் பெண் தன் குடும்பத்தில் இறந்தவரின் பெயரைச் சொன்னபோது குரல் உடைந்தது. அக்கா அவள் கையைப் பிடித்துக் கொண்டாள்.

அடுத்தது எங்கள் முறை. சிவலிங்கம் வாயைத் திறப்பதற்குள் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, மகனின் பெயரை முழுதாக, தெளிவாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

யாரும் கத்தவில்லை. விளக்குத் திரி திரித்துக் கொண்டிருந்த கிழவர் கையை நிறுத்தினார். பக்கத்துப் பெண் தன் கையை அக்காவின் கையிலிருந்து மெதுவாக உருவிக் கொண்டாள். எழுந்து, தூணுக்கு அப்பால் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

பிக்கு பெயரைத் திரும்பச் சொல்லவில்லை. அடுத்த குடும்பத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

சபை கலைந்த பிறகு எங்களைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே சுவரில் சீருடை போட்ட பையன்களின் படங்கள் வரிசையாக இருந்தன. அந்த ஊரிலிருந்து வடக்கே போய்த் திரும்பாதவர்கள். அவர் பேசப் பேச, சிவலிங்கம் தரையைப் பார்த்தபடி தமிழில் சொன்னார்.

"உங்க பிள்ளை மேல ஒரு குத்தமும் இல்லைன்னு சொல்றாரு. ஆனா இங்க உக்காந்திருக்கற தாய்மாருங்க முன்னாடி அந்தப் பேரை வாயால சொல்ல முடியாதாம். உங்க பக்கத்துல இருந்த அம்மா மகன் அதோ, மேல் வரிசையில ரெண்டாவது."

அக்கா அந்தப் படத்தைப் பார்த்தாள். "இதுவும் சின்னப் பையன்" என்றாள்.

பிக்கு மறுபடி பேசினார். சிவலிங்கம் சொன்னார்: "நாளைக்கு விடியக்காலம் புத்தர் பூசை பண்றப்போ அவரு தனியா இருப்பாராம். அப்ப சொல்றேங்கறாரு. முழுப் பேரையும்."

"நான் வாசல்ல நின்னு கேக்கட்டுமா?"

"வேணாங்கறாரு. நீங்க நின்னா ஊரும் நிக்குமாம். அவரு சொல்லுவாரு. நீங்க நம்பணும்."

"யாரும் கேக்காம கூப்ட்டா அது கூப்ட்டதாடா?" என்று அக்கா என்னைத்தான் கேட்டாள். அவள் கடைசியில் பிக்குவுக்குக் கும்பிட்டாள். வேறு என்ன செய்வாள்.

வெளியே மழை வலுத்திருந்தது. படிக்கட்டில் திறந்த வெளியில் கழற்றிப் போட்ட அக்காவின் ஷூவை யாரோ எடுத்து, கூரைக்குக் கீழே நனையாமல் வைத்திருந்தார்கள். யார் என்று தெரியவில்லை.

*

மே 16, வெள்ளி. ஆறு ஏறுகிறது, இப்போதே கிளம்பாவிட்டால் பாதை அடைபடும் என்று சிவலிங்கம் அவசரப்படுத்தினார். வேனில் அக்கா கண்ணை மூடிக் கொண்டிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். "இந்நேரம் பூசை முடிஞ்சிருக்கும்ல?" என்றாள் திடீரென்று. "முடிஞ்சிருக்கும்" என்றேன்.

மே 17, சனிக்கிழமை நாங்கள் ஊர் வந்து சேர்ந்தோம். அந்த வார இறுதியில் ரத்தினபுரி மாவட்டத்தில் வெள்ளமும் மண்சரிவும் வந்ததைச் செய்தியில் பார்த்தோம். டிவியில் கூரை மட்டும் தெரிந்த வீடுகள். அக்கா திரையின் அருகில் போய், ஒவ்வொரு கூரையாகப் பார்த்தாள். பாதிக்கப்பட்ட ஊர்கள் என்று பத்திரிகைகளில் வந்தவற்றை எல்லாம் வெட்டி வைத்தேன். விகாரை இருந்த ஊர் அவற்றில் இல்லை. ஆனால் எல்லா ஊரின் பெயரும் வந்துவிட்டதாக அந்தப் பத்திரிகைகளே சொல்லவில்லை.

பிக்குவுக்கு 2003 ஜூன் 22 அன்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். டிசம்பரில் இன்னொன்று. அக்காவின் மகனுடைய பெயரை இரண்டிலும் எழுதவில்லை. எழுதினால் அவருக்கு ஆபத்தாகலாம் என்று நினைத்தேன். "நீங்கள் சொல்வதாகச் சொன்னதைச் சொன்னீர்களா?" என்று மட்டும் கேட்டேன். பதில் இல்லை. சிவலிங்கம் கொடுத்த டெலிபோன் எண்ணில் சிங்களத்தில் ஒரு பெண் பேசி வைத்துவிட்டாள். யாரைக் கேட்பது என்றும் எனக்குத் தெரியவில்லை, சிரிபாலவையா, சிவாவையா, சிவலிங்கத்தையா.

இந்தப் பயணத்தை எழுதப் போகிறேன் என்று சொன்னபோது அக்கா ஒரு நிபந்தனை போட்டாள். "எழுது. ஆனா அவன் பேரை மட்டும், அங்க கூப்ட்டாங்கன்னு தெரிஞ்சப்புறம் எழுது. முதல்ல வாயில வரட்டும். அப்புறம் பேப்பர்ல வரட்டும்." ஷூவைக் கழுவிக் காயவைத்து, ஃபிரிட்ஜின் மேல் வைத்திருக்கிறாள். நான் ஈஜிபுரா போகும்போதெல்லாம் அவள் முதலில் கேட்பது, "கடுதாசி வந்துதா?"

இதை முடிக்கும் 2004 ஜூலை வரை வரவில்லை. 2003 மே 16, வெள்ளிக்கிழமை, விடியற்காலைப் பூசையில் அந்த விகாரையில் அவன் பெயர் சொல்லப்பட்டதா என்பது உறுதி செய்யப்படவில்லை.